காலியான வகுப்பறை யாருடையது?

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்துள்ள வேங்கிக்கால், ஏரியையும் வயலையும் சார்ந்திருந்த ஊராக இருந்து, 1989 செப்டம்பர் 30 அன்று வட ஆர்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருவண்ணாமலை தனி மாவட்டமான பின்னர், ஆட்சியர் அலுவலகத்தையும் அதையொட்டிய துறை அலுவலகங்களையும் பெற்று, அரசு ஊழியர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் பிள்ளைகளின் படிப்புக்காகச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து குடிபெயர்ந்தவர்களும் நெருங்கி வாழும் புறநகராக வளர்ந்துள்ளது. இத்தகைய புறநகரில் மனைக்கு விலை உண்டு, கடைக்கு இடம் உண்டு, திருமண மண்டபத்துக்கு முன்பதிவும் உண்டு. ஆனால் வாடகை கேட்காமல், சாதியும் கட்சியும் விசாரிக்காமல், மாலை நேரத்தில் இருபது பேர் அமர்ந்து படிக்கவும் பேசவும் பாட்டுப் பயிலவும் இடம் தரும் பொதுக்கூடம் அரிது. அதே வேளையில், இம்மக்களில் ஒரு பகுதியினர் விட்டுவந்தவை போன்ற சிற்றூர்களில், பிள்ளைகள் குறைந்து பூட்டப்படும் நிலைக்கு வந்த பள்ளிக் கட்டடங்கள் நிற்கின்றன. இங்கே கூடம் இல்லாமையும் அங்கே கூடம் காலியாக இருப்பதும் ஒரே இடப்பெயர்வின் இரு முனைகள்.

பள்ளிக் கட்டடம் பயன்பாட்டிலிருந்து விலகுவது இரண்டு வழிகளில் நிகழ்கிறது. ஒன்று, பிறப்பு விகிதம் சரிந்து, குடும்பங்கள் நகரத்துக்குப் பெயர்ந்து, எஞ்சிய பிள்ளைகளையும் தனியார் பள்ளிப் பேருந்து ஏற்றிச் சென்றுவிட, வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர்கூட இல்லாமல் போவது. அரசு ஆவணங்கள் இதனைப் பூஜ்ய மாணவர் சேர்க்கை என்று குறிக்கின்றன. மற்றொன்று, வளரும் ஊர்களில் புதிய வகுப்பறைத் தொகுதி எழும்பிய பின், அதே வளாகத்தில் ஓட்டுக்கூரையோடோ விரிசல் கண்ட தளத்தோடோ பழைய கட்டடம் ஒதுங்கி நிற்பது. முதல் வகையில் கட்டடம் நன்றாக இருந்தும் மாணவர் இல்லை. இரண்டாம் வகையில் மாணவர் இருந்தும் கட்டடம் நம்பத்தக்கதாக இல்லை. பழைய பள்ளியைத் தன்னார்வலர் நடத்தும் சமூக மையமாக மாற்றலாம் என்ற யோசனை பேசப்படும் இடங்களில் இவ்விரண்டும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளப்படுவதால், பழுதுபார்க்க வேண்டியது இடிக்கப்படுவதும் இடிக்க வேண்டியதற்கு வண்ணம் பூசப்படுவதும் நேர்கின்றன.

கட்டியவர் யார்

இக்கட்டடங்களின் உரிமையாளர் யார் என்று கேட்டால், ஊராட்சி ஒன்றியம் என்று பதிவேடு சொல்லும். தொடக்கப் பள்ளிகளுள் பெரும்பாலானவை ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள், அதாவது பல ஊராட்சிகளை உள்ளடக்கிய வட்டார அளவிலான உள்ளாட்சி அமைப்பின் பெயரால் நடப்பவை. ஆசிரியரை நியமிப்பதும் ஊதியம் தருவதும் கல்வித் துறை, கட்டடத்தைப் பராமரிப்பது ஒன்றியம். ஆனால் பதிவேட்டுக்கு முந்திய வரலாறு வேறு. காமராசர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான ஆண்டுகளில் கிராமந்தோறும் பள்ளி என்ற கொள்கை விரைந்து பரவியபோது, அரசின் கருவூலம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று 1958 முதல் நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் அந்த இடைவெளியை நிரப்பின. ஒரு வட்டாரத்துப் பள்ளிகளின் தேவைகளையெல்லாம் பட்டியலிட்டு ஊரார் முன்னால் வைத்து, நிலம், கூரை, கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், சீருடை என அவரவர் ஏற்றுக்கொள்வதை மேடையிலேயே அறிவிக்கச் செய்யும் கூட்டங்கள் அவை. நிலம் கொடுத்தவர் ஒருவர், மரம் கொடுத்தவர் ஒருவர், கொடுக்க எதுவும் இல்லாமல் மண் சுமந்தவர் பலர். 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டமும் தொடக்கத்தில் ஊராரின் பங்களிப்பைச் சேர்த்துக்கொண்டே நடந்தது.

ஆகவே, அக்காலத்துப் பள்ளிக் கட்டடத்தின் மீது ஊருக்கு உள்ள உரிமை உணர்ச்சிவசப்பட்ட பேச்சு மட்டுமன்று. அது கொடுத்தவரின் உரிமை. சட்டம் அதற்குப் பெயர் வைக்கவில்லை என்பதால் அது இல்லாமல் போய்விடாது. சமூக மையம் என்ற திட்டம் எதுவானாலும் இந்த இடத்திலிருந்து தொடங்கினால்தான் நியாயமாக இருக்கும். காலிக் கட்டடத்தை என்ன செய்வது என்று அலுவலகம் யோசிப்பதிலிருந்து தொடங்கினால், கட்டடத்துக்குப் பலகை மாறும், பூட்டு மாறாது.

குளத்தூர் சொன்ன பதில்

தமிழ்நாட்டில் இதற்கு மிக நெருங்கிய முன்னுதாரணம் 2019 ஆகஸ்டு மாதத்தில் நிகழ்ந்தது. ஒரு மாணவர்கூடச் சேராத ஏறத்தாழ 45 அரசுப் பள்ளிகளை நூலகங்களாக மாற்ற அன்றைய அரசு முடிவுசெய்தது; நீலகிரி மலைச் சிற்றூர்ப் பள்ளிகள் சிலவும் புதுக்கோட்டை மாவட்டத்தின் குளத்தூர், சின்னப்பட்டமங்கலம் ஆகிய ஊர்களின் பள்ளிகளும் அவற்றுள் அடங்கும். பள்ளிகள் மூடப்படவில்லை என்றும், இது தற்காலிக ஏற்பாடே என்றும், மாணவர்கள் வந்தால் அவை மீண்டும் பள்ளிகளாக இயங்கும் என்றும் அப்போதைய பள்ளிக்கல்வித் துறை அமைச்சர் கே. ஏ. செங்கோட்டையன் விளக்கமளித்தார். அரசியல் விளக்கங்கள் பொதுவாக இவ்வளவு விரைவில் சோதனைக்கு உள்ளாவதில்லை. குளத்தூரில் நூலகம் என்ற அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே பெற்றோர் தங்கள் பிள்ளைகளை அதே பள்ளியில் சேர்க்க முன்வந்தனர். நூலகமாக்கப்பட்ட கட்டடம் மீண்டும் பள்ளியாகத் திறக்கப்பட்டது.

இந்நிகழ்வை நூலகத் திட்டத்தின் தோல்வி என்று வாசிப்பவர்கள் உண்டு. உண்மையில் அதுவே அத்திட்டத்தின் மிகச் சிறந்த விளைவு. பல ஆண்டுகளாகப் பள்ளி மெல்ல மெல்லக் கரைந்தபோது எவரும் கூட்டம் கூட்டி ஊரைக் கேட்கவில்லை. ஊரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. மாற்றம் என்ற அறிவிப்பு வந்த பிறகுதான், இது நமக்கு வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வி வீட்டுத் திண்ணைக்கு வந்தது. ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கிய 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தமிழ்நாடு வகுத்த விதிகள், தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. அந்த ஒரு கிலோமீட்டர், தாய் கூலி வேலைக்குப் போகும் வீட்டின் ஐந்து வயதுப் பெண் குழந்தைக்குப் பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையிலான முழு வேறுபாடாக அமையக்கூடியது. எனவே எந்தப் பள்ளிக் கட்டடத்தையும் வேறொன்றாக மாற்றுவதற்கு முன், அதனை மறுக்கும் வாய்ப்பை ஊருக்குக் கொடுப்பது நடைமுறையின் முதல் படியாக இருக்க வேண்டும். குளத்தூரில் அந்தப் படி தற்செயலாக நேர்ந்தது, விதியாக எழுதப்படவில்லை.

நூலகம் என்ற தேர்வையும் கேள்விக்கு உட்படுத்த வேண்டியுள்ளது. பிள்ளைகளே இல்லாத சிற்றூரில் முதியவர்களும் நூறு நாள் வேலைக்குச் செல்லும் பெண்களுமே எஞ்சியிருக்க, அங்கே அலமாரியும் நூல்களும் மட்டும் கொண்டுபோய் வைக்கப்பட்டால் வாசகர் எங்கிருந்து வருவார் என்பதை ஆணை பிறப்பித்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. அவ்வூருக்குத் தேவை இரத்த அழுத்தம் பார்க்கும் செவிலியர் வாரம் ஒருமுறை அமரும் அறையாக இருக்கலாம், மகளிர் சுயஉதவிக் குழு கணக்கு எழுதும் மேசையாக இருக்கலாம், தெருக்கூத்து ஒத்திகைக்கான முற்றமாகவும் இருக்கலாம். சமூக மையம் என்பது இவை அனைத்துக்கும் ஒரே கூரை தரும் இடம். நூலகம் அதன் ஒரு மூலை.

சாதி இல்லாத சுவர்

பள்ளிக் கட்டடத்தைக் காக்க வேண்டும் என்பதற்குத் தரப்படும் காரணங்களில், கட்டடக் கலை, பழமை, சிக்கனம் ஆகியவை அடிக்கடி பேசப்படுகின்றன. இவற்றையெல்லாம் விட வலுவான காரணம் ஒன்று இந்த மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. 2023 ஜனவரி 30 அன்று, தண்டராம்பட்டு வட்டத்தின் தென்முடியனூரில், பல பத்தாண்டுகளாகக் கோயிலுக்குள் அனுமதிக்கப்படாமலிருந்த பட்டியல் சாதி மக்கள், ஆட்சியரும் காவல் துறையினரும் உடனிருக்க முத்துமாரியம்மன் கோயிலில் நுழைந்து வழிபட்டனர். அறநிலையத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள கோயிலே எல்லோருக்கும் பொதுவாவதற்கு இத்தனை காலமும் இத்தனை காவலும் தேவைப்பட்டிருக்கும்போது, பொது என்று பெயர் வைத்துவிட்டால் கட்டடம் பொதுவாகிவிடும் என்று நம்புவதற்கு இடமில்லை.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் சமுதாயக் கூடங்கள் புதிதல்ல. ஆனால் அவற்றின் இருப்பிடம் கவனிக்கத்தக்கது: ஊர்த்தெருவில் ஒன்று, காலனியில் ஒன்று எனப் பிரிந்து நிற்கும் கூடங்களில், ஒரு தெருவின் கல்யாணம் மறு தெருவின் கூடத்தில் நடப்பது அபூர்வம். இதற்கு விலக்காக, எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உணவு உண்டதும், ஒரே பலகையில் எழுதியதும், ஒரே ஆசிரியரிடம் அடி வாங்கியதும் பள்ளியில்தான். அங்கும் பாகுபாடு நுழைந்த கதைகள் ஏராளம் என்றாலும், எந்தச் சாதியும் தன்னுடையது என்று உரிமை கோர முடியாத கட்டடமாகப் பெரும்பாலான ஊர்களில் எஞ்சியிருப்பது பள்ளி. தேர்தல் வாக்குச்சாவடியைப் பள்ளியில் அமைப்பதற்கும், வெள்ளத்தின்போது மக்களை அங்கே தங்கவைப்பதற்கும் இதுவும் ஒரு காரணம். அந்தச் சுவர்களை இடித்துவிட்டு, வேறிடத்தில் இரண்டு மடங்கு செலவில் புதுக்கூடம் கட்டினாலும், அறுபது ஆண்டுகளாகச் சேர்ந்த இந்தப் பொதுத்தன்மையைக் கட்டிக்கொடுக்க முடியாது.

கூடங்களை நடத்தியவர்கள்

தன்னார்வலர் நடத்தும் பொது இடம் என்பது தமிழருக்கு வெளியிலிருந்து வந்த கருத்து என்ற எண்ணம் தவறானது. 1931இல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் எஸ். வி. கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பிய நடமாடும் நூலகம், நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் கண்ட கனவுக்குக் கிராமத்திலிருந்து கிடைத்த விடை. அதன்பின் திராவிட இயக்கமும் பொதுவுடைமை இயக்கமும் தெருமுனைகளில் திறந்த படிப்பகங்கள், கீற்றுக் கொட்டகையும் இரண்டு பெஞ்சும் சில நாளிதழ்களுமாக, எழுத்தறியாதவருக்கு ஒருவர் உரக்கப் படித்துக்காட்டும் இடங்களாக இயங்கின. கட்சிக்கொடி ஏறியதும் மாற்றுக் கருத்துள்ளவர் வாசலைத் தாண்டத் தயங்கினார் என்பது படிப்பகத்தின் குறை. சம்பளமில்லாமல் ஒருவர் தினமும் காலையில் கதவைத் திறந்தார் என்பது அதன் சாதனை.

இந்த மரபு மிக உறுதியான அமைப்பாக வளர்ந்த இடம் ஈழம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் குறிச்சிதோறும் காணப்படும் சனசமூக நிலையம் என்பது, உள்ளூராட்சி மன்றத்தில் பதிவுசெய்யப்பட்டு, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தெரிவாகும் தலைவர், செயலாளர், பொருளாளர் அடங்கிய நிர்வாகக் குழுவால் ஊதியமின்றி நடத்தப்படும் ஊர்க்கூடம். வாசிகசாலை அதன் முகப்பு; அதனுள்ளோ பின்புறமோ முன்பள்ளி எனப்படும் மழலையர் பள்ளி; பக்கத்தில் விளையாட்டுக் கழகத்தின் மைதானம். நாளிதழ் வாங்கவும் சிறு செலவுகளுக்கும் உள்ளூராட்சி மன்றத்திலிருந்து சிறிய உதவி வரும். மற்றவை ஊராரின் சந்தாவும், பின்னாளில் புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணமும். இடப்பெயர்வும் போரும் கட்டடங்களைத் தகர்த்த பின்னரும், மக்கள் திரும்பிய ஊர்களில் சனசமூக நிலையங்கள் மீண்டும் எழுந்தன. கட்டடம் போனாலும் அமைப்பு எஞ்சியிருந்தால் கட்டடம் திரும்பிவரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இதன் மறுபுறத்தைத் தமிழ்நாடே காட்டியது. 2006இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ், ஐந்து ஆண்டுகளில் மாநிலத்தின் ஊராட்சிகள் அனைத்துக்கும் நூலகக் கட்டடமும் விளையாட்டுத் திடலும் என்ற இலக்கோடு பெரும்பணம் செலவிடப்பட்டது. நோக்கத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் கதவைத் திறப்பவருக்கான ஏற்பாடு பெயரளவிலேயே இருந்ததால், அடுத்த சில ஆண்டுகளில் ஏராளமான ஊர்களில் அந்த நூலகங்கள் பூட்டிக் கிடந்தன. சில ஊர்களில் சிமெண்டு மூட்டைகளும் பிளீச்சிங் பவுடரும் அலமாரி நூல்களுக்குத் துணையாயின. அதே திட்டத்தின் இரண்டாம் பதிப்பைப் பின்னர் அறிவித்து, பழுதான நூலகங்களைச் சீரமைக்க மீண்டும் நிதி ஒதுக்க வேண்டிவந்தது.

தன்னார்வலர் கிடைக்க மாட்டார் என்ற வாதமும் நிற்காது. பெருந்தொற்றுக் காலத்தின் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வி, சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்களைத் திரட்டியது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் படித்துவிட்டு வீட்டிலிருந்த பெண்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை என்பது கூலியாகாது; ஆனால் வீட்டை விட்டு மாலையில் ஒன்றரை மணிநேரம் வெளியே வருவதற்குக் குடும்பத்திடம் காட்டத்தக்க காரணமாக அது பயன்பட்டது. தன்னார்வம் என்றால் ஒரு பைசாவும் கொடுக்கக் கூடாது என்று நினைப்பவர்கள், பெரும்பாலும் ஓய்வூதியம் பெறும் ஆண்களாக இருப்பதைக் கவனிக்க வேண்டும்.

கேரளம் இதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே புரிந்துகொண்டது. பி. என். பணிக்கர் 1945இல் 47 ஊர் நூலகங்களை ஒன்றுசேர்த்துத் தொடங்கிய திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கம் வளர்ந்து, 1989ஆம் ஆண்டின் நூலகச் சட்டத்துக்குப் பின் மாநில நூலக மன்றமாகியது. அங்கே நூலகத்தை நிறுவுவதும் நடத்துவதும் ஊர்க்காரர்கள். தரம் பார்த்து மானியமும் நூலகருக்குச் சிறு தொகையும் தருவது மன்றம். மாதர் மன்றம், பாலவேதி எனப்படும் சிறார் மன்றம், நாடகக் குழு அனைத்தும் அந்த நூலகத்தின் உறுப்புகள். அரசு நடத்துவதும் இல்லை, கைவிடுவதும் இல்லை என்ற இந்த இடைநிலைதான் தமிழ்நாட்டில் இன்னும் உருவாகாதது.

சாவி, சான்று, சுண்ணாம்பு

நடைமுறைக்கு வந்தால், முதலில் எழுவது கட்டடத்தைப் பெறும் வழி. ஊராட்சி ஒன்றியத்துக்குச் சொந்தமான கட்டடத்தைத் தன்னார்வலர் குழுவிடம் வாய்மொழியாக ஒப்படைப்பது வழக்கமாக உள்ளது. ஒன்றியத் தலைவரோ வட்டார வளர்ச்சி அலுவலரோ மாறும்போது அந்த வாய்மொழியும் மாறிவிடும். ஆகவே, 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி குறைந்தது ஏழு பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளரிடம் சங்கம் பதிந்துகொண்டு, ஒன்றியக் குழுவின் தீர்மானத்தோடு, பெயரளவு வாடகையில், பத்து ஆண்டுக்குக் குறையாத எழுத்துவழிக் குத்தகை பெறுவதே பாதுகாப்பு. இங்கிலாந்தில் இந்த முறை நெடுங்காலமாகப் பழக்கத்தில் உள்ளது: 2003ஆம் ஆண்டின் ஆணை ஒன்று, பொதுநலன் கருதி உள்ளாட்சி மன்றங்கள் தம் சொத்தைச் சந்தை மதிப்பிலிருந்து இருபது லட்சம் பவுண்டு வரை குறைத்துக் கொடுக்க அனுமதித்தது, 2011ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டமோ, ஊர் மதிக்கும் கட்டடம் விற்பனைக்கு வந்தால் பணம் திரட்ட ஊராருக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தது. தமிழ்நாட்டில் இதற்கு இணையான பொது விதி இல்லாததால், ஒவ்வொரு ஊரும் ஒவ்வோர் அலுவலரின் நல்லெண்ணத்தை நம்ப வேண்டியிருக்கிறது.

திருவண்ணாமலையைப் பொறுத்தவரை இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. 2024இல் நகராட்சி மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டு எல்லை விரிவதால், சுற்றியுள்ள ஊராட்சிகளின் சொத்துகளுக்குப் பொறுப்பான அலுவலகம் மாறுகிறது. இவ்வாறு கோப்புகள் கைமாறும் காலத்தில்தான் பயன்பாட்டில் இல்லாத பொதுக்கட்டடங்களின் எல்லைக்கல் நகர்வதும், முன்வாசலில் தற்காலிகக் கடை முளைப்பதும் நிகழும். வேங்கிக்கால் போல மனை விலை ஏறிய இடத்தில், ஆவணமில்லாத பொது இடத்தின் ஆயுள் மிகக் குறைவு.

அடுத்தது உறுதிச் சான்று. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பின்னர், மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்கள் ஆய்வுசெய்யப்பட்டு, ஆபத்தானவை என்று குறிக்கப்பட்டவை இடிக்கப்பட்டன. அவசரத்தில் சில நல்ல கட்டடங்களும் போயிருக்கக்கூடும் என்ற ஐயம் நியாயமானதே; ஆனால் ஐயத்தின் பெயரால் ஆய்வைத் தவிர்க்க முடியாது. மக்கள் கூடும் கட்டடங்களுக்கு 1965ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டம் பொருந்தும். பொறியாளரின் உறுதிச் சான்று இல்லாமல் உரிமம் கிடைக்காது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீ பலிகொண்ட மாநிலத்தில், தன்னார்வலர் நடத்தும் இடம் என்பதற்காக இந்த நிபந்தனைகளில் சலுகை கேட்பது தவறு.

ஆய்வில் தேறும் பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதில் நேரும் பெருந்தவறு சிமெண்டு. சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிட்டுக்கொண்டே இருக்கும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டுப் பூச்சு ஏறியதும் ஈரம் வெளியேற வழியின்றிச் சுவருக்குள் தங்கி, செங்கல்லை அரித்து, சில ஆண்டுகளில் பூச்சோடு சேர்த்துச் செங்கல்லின் முகத்தையும் உதிர்த்துவிடும். மெட்ராஸ் டெரஸ் எனப்படும் தளம், அதாவது தேக்கு விட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதித்து, அதன்மேல் செங்கல்ஜல்லியும் சுண்ணாம்பும் இட்டு இடித்து இறுக்கிய தளம், விட்டம் சுவரில் ஊன்றும் முனை அழுகாதவரை நிற்கும். ஆகவே தளத்தை இடிப்பதற்கு முன் அந்த முனைகளைத் தோண்டிப் பார்க்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, உப்பு கலந்த மணலைக் கொண்டு, கம்பிக்குப் போதிய மூடாக்கு இல்லாமல் அவசரமாகக் கட்டப்பட்ட கான்கிரீட் வகுப்பறைகள், முப்பது நாற்பது ஆண்டுகளுக்குள் கம்பி துருப்பிடித்து வீங்கித் தளம் பெயர்ந்து விழும் நிலைக்கு வந்துவிடுகின்றன. வயது அதிகமான கட்டடம்தான் ஆபத்தானது என்ற பொதுக்கருத்தை இது தலைகீழாக்குகிறது. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரில் சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த கொத்தனார்கள் அருகிவிட்டாலும், இந்த மாவட்டம் அதிர்ஷ்டமுள்ளது: மண்ணாலும் சுண்ணாம்பாலும் கட்டும் மரபு முறைகளை ஆவணப்படுத்திப் பயிற்றுவிக்கும் தண்ணல் என்ற அமைப்பு, பிஜு பாஸ்கர் என்ற கட்டடக் கலைஞரால் திருவண்ணாமலையில்தான் தொடங்கப்பட்டது.

பயன்பாட்டின் எல்லைகளை விரித்துப் பார்க்க ஜப்பான் உதவும். பிறப்பு விகிதச் சரிவைத் தமிழ்நாட்டுக்கு முன்பே சந்தித்த அந்நாட்டில் 2002 முதல் 2020 வரையிலான நிதியாண்டுகளில் 8,580 பொதுப் பள்ளிகள் மூடப்பட்டன. கட்டடம் எஞ்சியிருந்த 7,398இல் 5,481, அதாவது நான்கில் மூன்று பங்கு, வேறு பயன்பாட்டுக்கு வந்துவிட்டதாக அந்நாட்டுக் கல்வி அமைச்சகத்தின் கணக்கு கூறுகிறது. காலியான பள்ளிகளின் பட்டியலை அமைச்சகமே வெளியிட்டு, எடுத்து நடத்த விரும்புவோரை அழைக்கும் திட்டத்தை 2010இல் தொடங்கியது. கொச்சி மாநிலத்தின் முரோத்தோ என்ற கடலோர ஊரில் மூடப்பட்ட தொடக்கப் பள்ளி, 2018இல் மீன் காட்சியகமாகியது; மாணவர் நீந்திய குளத்தில் இப்போது ஆமைகளும் சுறாக்களும் நீந்துகின்றன. தமிழ்நாட்டுச் சிற்றூருக்கு மீன் காட்சியகம் தேவையில்லை. ஆனால் காலியான கட்டடங்களின் பட்டியலை மக்கள் பார்க்கும்படி வெளியிடுவது கட்டாயம் தேவை.

வேங்கிக்காலுக்கு உரியது

திருவண்ணாமலைக்குத் தன்னார்வலர் பஞ்சம் இல்லை. பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அன்னதானமும் தண்ணீரும் வழங்கும் குழுக்கள், பணி ஒதுக்கீடு, நன்கொடைக் கணக்கு, குப்பை அகற்றல் ஆகியவற்றை எந்த நிர்வாகப் பயிற்சியும் இன்றி நடத்துகின்றன. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் கலை இலக்கிய இரவுகள், விடியவிடிய ஆயிரக்கணக்கானோரை உட்காரவைத்ததும் இந்நகரில்தான். இவ்விரு கூட்டமும் பெரும்பாலும் ஒன்றையொன்று சந்திப்பதில்லை. இரண்டின் உழைப்பும் ஆண்டின் குறிப்பிட்ட நாட்களில் பொங்கி வடிகிறது. அன்றாடம் ஒரு கதவைத் திறந்து மூடும் வேலைக்கு வருவதில்லை. விழாவுக்கு ஆயிரம் பேர் கிடைக்கும் ஊரில் செவ்வாய்க்கிழமை மாலைக்கு ஒருவர் கிடைக்காமல் போவதே சமூக மையங்களின் உண்மையான நோய்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கான பணம் ஏற்கெனவே வசூலாகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டமான 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின்படி, வீட்டுவரி செலுத்தும் ஒவ்வொருவரும் அதனோடு சேர்த்து நூலக வரியும் செலுத்துகின்றனர். இப்போது அது வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. உள்ளாட்சி வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அளிக்க வேண்டிய இத்தொகையிலிருந்து, ஊரார் தரும் கட்டடத்தில் பகுதிநேர நூலகம் நடத்தவும், வாசகர் வட்டம் அமைக்கவும் ஏற்கெனவே நடைமுறை உண்டு. பழைய பள்ளிக் கட்டடத்தில் பகுதிநேர நூலகத்தை முதல் குடியாக அமர்த்தி, மின்கட்டணமும் ஒருவருக்கான சிறு தொகையும் அங்கிருந்து வர, எஞ்சிய அறைகளை வாசகர் வட்டமே ஊர்க்கூடமாக நடத்துவது புதிய சட்டம் எதுவும் இல்லாமல் இன்றே முடியக்கூடியது. சாவியைப் பெண்கள் அடங்கிய குழுவிடம் கொடுப்பதும், கூடத்தை எந்தக் குடும்ப நிகழ்ச்சிக்கும் வாடகைக்கு விடுவதில்லை என்று முதல் நாளே எழுதிவைப்பதும் நல்லது. கல்யாணத்துக்கு விட்ட கூடம் அடுத்த ஆண்டே ஒரு தெருவின் கூடமாகிவிடும்.

ஊராட்சிகளில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. மாநகராட்சி வார்டுகளில் பகுதி சபை உண்டு. பயன்பாட்டில் இல்லாத பள்ளிக் கட்டடங்களின் பட்டியலையும், நூலக வரியாக வசூலான தொகை எவ்வளவு, ஆணைக்குழுவுக்குச் சென்றது எவ்வளவு என்ற கணக்கையும் அங்கே கேட்க எந்த வாக்காளருக்கும் உரிமை உண்டு. வேங்கிக்கால்வாசிகள் அடுத்த கூட்டத்துக்குச் செல்லும்போது வீட்டுவரி ரசீதை மறக்காமல் எடுத்துச் செல்லட்டும்.